தருவைகுளத்துச் சங்கஞ்செடி

தூத்துக்குடி என்னை உடனே உள்ளே விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வளைவில், காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்த நீள லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பஸ், உப்பு லாரி, பால் வண்டி, கல்யாண வேன் என்று எல்லாரும் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். சத்தத்துக்குப் பயந்து இறக்கை சுருங்கிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. "இறங்கி ஒரு காபி குடிச்சிட்டு வாங்கம்மா, இது இப்பம் நவுராது" என்றார் கண்டக்டர்.

சாலையோரக் கடையில் கருப்பட்டிக் காபி. சும்மா சொல்லக்கூடாது, அந்த எரிச்சலிலும் ருசியாக இருந்தது. எங்கள் பினாங்கில் கிடைப்பது தென்னையில் காய்ச்சுகிற கருப்பட்டி. பனையில் காய்ச்சியதற்கு லேசாக ஒரு புகைவாசம் இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சி என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"வெளிநாட்டுல இருந்து வாரியளோ?"

"மலேசியா, அண்ணாச்சி."

"அங்கன எம் மச்சினன் இருக்கான். ஓட்டல்ல பரோட்டா போடுதான். எதுக்கு வந்திய, கோயிலுக்கா?"

"இல்ல, ஒரு செடியில இலை பறிக்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இலை பறிக்கவா பிளேன் ஏறி வந்திய? யார்ட்டயாவது சொல்லியிருந்தா ஒரு சாக்கு பறிச்சுப் போட்டிருப்பானே!" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிச்சக் காபியை ஊற்றி உள்ளே இறக்கினேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். ஆராய்ச்சி செய்ய வருகிற பிள்ளைகளுக்குக் கருவி ஓட்டக் கற்றுக்கொடுப்பேன், அவர்கள் உடைத்ததைத் திட்டிக்கொண்டே கூட்டி அள்ளுவேன். அங்கே தருவைகுளத்திலிருந்து ஜெனிட்டா என்று ஒரு பெண் வந்தாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எங்களிடம் ஒரு வருஷம் வேலை பார்க்க முறைப்படி அனுமதி வாங்கி, உலர்த்திப் பொடித்த இலையோடு வந்தாள். தங்க இடம் சரியாக அமையவில்லை என்று ஒரு வாரத்துக்கு என் வீட்டுக்கு வந்தவள், போகவே இல்லை. நானும் போகச் சொல்லவில்லை. எனக்கு இருப்பது இரண்டு பையன்கள். இரண்டு பேரும் போனில் பேசினால் பல் வலிக்கும் என்பதுபோலப் பேசுவார்கள். இவள் என்னைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டு வீடு முழுக்கப் பேசித் திரிந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரி மக்ரூன் எல்லாம் வழியிலேயே நொறுங்கித் தூளாகிவிட்டது. இரண்டு பேரும் கரண்டியால் அள்ளித் தின்றோம்.

அவள் கொண்டுவந்த பொடி சங்கஞ்செடியின் இலை. கடற்கரை ஓரத்தில், உவர்மண்ணில், கணுவுக்குக் கணு நாலு முள்ளோடு நிற்கிற புதர். இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் காலங்காலமாகச் சாறு எடுத்துக் குடிப்பது. ஜெனிட்டா அதில் தேடியது ஆன்டிஆக்ஸிடன்ட். வெட்டிவைத்த வாழைக்காய் கறுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது அல்லவா, நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு அரிப்பு நடக்கிறது. அதைத் தடுக்கிற சரக்கு சில செடிகளில் உண்டு. அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதாக் கரைசல் வைத்திருக்கிறோம். இலையின் சாற்றை அதில் விட்டால், சரக்கு இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். இல்லாவிட்டால் ஊதா ஊதாவாகவே நிற்கும். ஜெனிட்டாவின் இலையை விட்டபோது மஞ்சள் எப்படி வந்தது தெரியுமா! எங்கள் துறைத் தலைவி, லேசில் யாரையும் பாராட்டாத சீன அம்மா, நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். அன்று இரவு ஜெனிட்டா அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஊருக்குத் திரும்பிக் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். அது பரிசீலனையில் இருக்கும்போதே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எனக்கும் சொன்னாள். அது சிறுநீரகத்தில் போய் விழுந்து, ஆளைக் கொண்டுபோய்விட்டது. நான் அழுத அழுகையைப் பற்றி இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவள் போன பிறகுதான் இதழிலிருந்து பதில் வந்தது. முடிவு நன்றாக இருக்கிறது, ஆனால் அதே இடத்தில் புதிதாக இலை பறித்து இன்னொரு தடவை செய்து காட்டுங்கள், காட்டினால் போடுவோம் என்று. செய்ய வேண்டியவள் இல்லை. அவளுடைய கைமுறை தெரிந்த ஆள் நான் ஒருத்தி. இலையை நாடு தாண்டிக் கொண்டுபோக வேண்டுமானால் மறுபடியும் முதலிலிருந்து அனுமதி கேட்டு அலைய வேண்டும். அதனால் நான் புறப்பட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இசக்கி என்ற ஆட்டோக்காரரோடு தருவைகுளம் போனேன். வழியெல்லாம் உப்பளம். குவித்து வைத்த உப்பின்மேல் கீற்றுப் போட்டிருந்தார்கள், பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. பினாங்கில் மழை எங்களைக் கேட்காமலே தினமும் வரும். இங்கே வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. இசக்கிக்கு வாய் ஓயவில்லை. "சங்கஞ்செடியா? அது வேலிக்குத்தாம்மா ஆகும். ஆடுகூட யோசிச்சிட்டுத்தான் கடிக்கும்" என்றார். குறுக்குவழி என்று உப்பளத்து வரப்பில் ஆட்டோவை விட்டார். நடுவழியில் பின்சக்கரம் சேற்றில் இறங்கிக்கொண்டது. நான் இறங்கித் தள்ளினேன். சேலை முழங்கால்வரை உப்புச் சேறு. "ஏலே இசக்கி, உன் குறுக்குவழியில தீய வைக்க" என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டதால் நான் திட்ட வேண்டியது மிச்சமாயிற்று.

ஜெனிட்டாவின் அம்மா லூர்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். மீன் ஏலக்கூடத்தில் தரம் பிரிக்கிற வேலை. அவள் புருஷன் பெரிய படகில் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாளாகியிருந்தது, திரும்ப இன்னும் நாளாகும் என்றாள். போனில் பலமுறை பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தவள் 'வாங்க' என்றுகூடச் சொல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து குனிந்து தன் கையாலேயே கழுவ ஆரம்பித்தாள். "என்ன இது, விடு, விடு" என்று நான் தடுத்தேன். "இருங்கக்கா. எம் பிள்ளை ஒங்க வீட்ல தின்னு வளந்தா" என்றாள்.

சோறு போட்டாள். விளமீன் குழம்பு, வறுத்த நெத்திலி. ஜெனிட்டா பினாங்கில் இந்தக் குழம்பை வைக்க எத்தனையோ தடவை பார்த்தாள். மீன் சரியில்லை, புளி சரியில்லை, கடைசியில் மலேசியாவே சரியில்லை என்று முடிப்பாள். இப்போதுதான் அவள் எதைத் தேடினாள் என்று எனக்கு நாக்கில் தெரிந்தது. நான் இரண்டாம் தடவை சோறு கேட்டேன். லூர்து முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"அவ பேரு அச்சுல வருமாக்கா?" என்று கேட்டாள், மோர் ஊற்றிக்கொண்டே.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அவளுக்கு வருசப் பூசை வருது, அதுக்குள்ள வந்துட்டா நல்லாருக்கும். மாதா கோயில் பூசையில சாமியார் அதை வாசிக்கிறேன்னு சொல்லிருக்காவ. ஒத்தப் பிள்ளை. கல்யாணப் பத்திரிகையிலதான் பேரு வரல. இதுலயாவது வரட்டும்."

மோரை அப்படியே வைத்தேன். "வா, செடியைக் காட்டு" என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சதூரம் நடந்தால் அந்த இடம். ஜெனிட்டா போட்டோவில் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வெளுத்த மண், நிறைய சங்கம் புதர்கள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குக் குறுகி, சின்னச் சின்னத் தடித்த இலையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். இப்போது அங்கே புதர்களே இல்லை. மண்ணைச் சுரண்டி மட்டமாக்கி வரப்புப் போட்டிருந்தார்கள்.

"உப்பளம் போடப் போறாங்களாம். ஜேசிபி வந்து எல்லாத்தையும் வழிச்சிட்டு. நான் குறுக்க போய் நின்னு, எம் பிள்ளை செடி, இது ஒண்ண மட்டும் விட்டுருங்கன்னு கும்பிட்டேன். அந்த டிரைவரு நல்ல ஆளு, விட்டுட்டான்" என்றாள் லூர்து. அப்புறம் கையை நீட்டி, "பாருங்க, எப்படி வச்சிருக்கேன்னு" என்றாள்.

சுற்றிக் கம்பு நட்டுப் பழைய மீன்வலை கட்டியிருந்தாள். உச்சிவெயில் படாமல் இருக்க மேலே நீலத் தார்ப்பாய்த் துண்டு. அடியில் பாத்தி, பாத்தி நிறைய ஈரம், மீன்கழிவு உரம். நடுவில் என் தோள் உயரத்துக்குச் செழித்து நின்றது சங்கஞ்செடி. இலை ஒவ்வொன்றும் அகலமாய், மெத்தென்று, பளபளவென்று பச்சை. தினமும் இலையைத் துடைத்துவிடுகிறாளாம், தூசி இல்லாமல். முள்கூட இளசாய் வளைந்தது.

ஓர் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தேன்.

செடி ஒன்றும் நமக்காக மருந்து செய்வதில்லை. உப்பையும் வெயிலையும் தாங்கத்தான் அது அந்தச் சரக்கைத் தனக்குச் செய்துகொள்கிறது. வறண்டு காய்ந்தால் இலையில் சரக்கு கூடும். நிழலும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் இலை பெருக்கும், சரக்கு குறையும். எங்கள் கூடத்தில் முதல் மாதம் வருகிற பிள்ளைக்கும் தெரியும் இது. லூர்துக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"தண்ணி எங்கேருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

"குடிதண்ணி வண்டி வரும்லா, அதுல பிடிக்கிறது. காலையில ரெண்டு குடம், சாயந்தரம் ஒரு குடம். உப்புத் தண்ணி ஊத்த மனசு வரல."

"ஏம்மா இவ்வளவு?"

"தாகமா இருக்கும்லாக்கா" என்றாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு, ஓர் இலையை முந்தானையால் துடைத்தாள்.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், சோதனை பண்ணாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். அன்று சாயந்தரம் இசக்கியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரை ஓரமெல்லாம் அலைந்தேன், அதே மண்ணில் வேறொரு சங்கம் புதர் தப்பிக் கிடக்கிறதா என்று. கருவேல மரம் கிடந்தது, உமரிச்செடி கிடந்தது, உடைந்த படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சங்கஞ்செடி இல்லை. "முத்தையாபுரம் பக்கம் வண்டி வண்டியா இருக்கும்மா, காலையில கூட்டிட்டுப் போறேன்" என்றார் இசக்கி. அது வேறு மண். இதழ் கேட்பது ஜெனிட்டா பறித்த இடத்தை. "எல்லாம் ஒரே செடிதானம்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்குத் தெரியுமே, நான் என்ன செய்ய!

மறுநாள் இலை பறித்தோம். லூர்து சிலுவை போட்டுக்கொண்டு முதல் கொத்தை அவளே ஒடித்தாள். ஒடித்த இடத்தில் விரலால் தடவிக்கொடுத்தாள். அவளும் கல்லூரிக்கு வருவதாகச் சொன்னாள். எவ்வளவோ தட்டிக்கழித்துப் பார்த்தேன். "அவ போன்ல சொல்லுவாக்கா, கத்திரிப்பூ கலரு எலுமிச்சம்பழக் கலரா மாறிரும்னு. ஒரு தடவை கண்ணால பாக்கணும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெனிட்டாவுக்கு வழிகாட்டியாக இருந்த சுடலைமுத்து சார் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார். முறைப்படி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துச் செய்ய ஒரு வாரம் ஆகும். அதையும் செய்வோம், அதற்கு முன்னால் பச்சை இலையில் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். லூர்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள், பூசைக்கு வருகிறதுபோல. சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

மூன்று குழாயில் ஊதாக் கரைசல். ஒன்றில் எதையும் விடவில்லை. இன்னொன்றில் வைட்டமின் சி விட்டேன். அது எங்களுக்கு உரைகல், எப்போதும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. விட்ட உடனே ஊதா ஓடிப்போய் மஞ்சளானது.

"மாறிட்டு! மாதாவே, மாறிட்டு!" லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இல்ல லூர்து. அது கடைச் சரக்கு. நம்ம இலை இனிமேதான்."

மூன்றாவது குழாயில் இலைச்சாறு விட்டு, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கொஞ்சநேரம் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். லூர்து செபமாலையை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றாள். நானும் சாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாருக்கும் இலையைப் பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

பெட்டியைத் திறந்தேன். ஊதா. ஓரத்தில் கொஞ்சம் வெளுத்த மாதிரி, அவ்வளவுதான். கருவியில் வைத்துப் பார்த்தோம், ஜெனிட்டாவுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. சார் இன்னொரு தடவை விடச் சொன்னார். விட்டேன். அதுவும் அதேதான்.

"இன்னும் கொஞ்சநேரம் வச்சா மாறுமாக்கா?"

"மாறாது."

"நான் ஏதும் தப்பு செஞ்சுட்டனா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும். அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அவள் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். காய்ந்தால்தான் சரக்கு, தண்ணீர் கூடினால் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. என்ன பேச்சு இது, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், நீ நன்றாகக் கவனித்ததுதான் கோளாறு என்று!

லூர்து அழவில்லை. காலுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஊத்துனதுதான் தப்பு" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அன்று மாலை பினாங்குக்குப் போன் போட்டேன். துறைத் தலைவி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அழாதே. செடி சாகவில்லை அல்லவா? வேலியையும் நிழலையும் எடுக்கச் சொல். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் விடட்டும். பழைய குணம் திரும்பிவிடும். இதழிடம் நான் தவணை கேட்கிறேன், கொடுப்பார்கள்." அந்த அம்மாவின் காலில் விழலாம்போல இருந்தது. உடனே லூர்துக்குப் போனில் சொன்னேன். வருசப் பூசைக்குள் முடியாது, ஆனால் அடுத்த வருஷம் கட்டாயம் பேர் வரும், ஒரே ஒரு காரியம், தண்ணீரை நிறுத்த வேண்டும்.

'அடுத்த வருசமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "நிறுத்திருதேங்க்கா. அவ பேரு வரணும்" என்றாள்.

அந்த நிம்மதியில் பழைய துறைமுகத்துப் பக்கம் காலாற நடந்தேன். கப்பல் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். இந்தக் கடலில் ஒருகாலத்தில் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி முத்துச் சிப்பி அள்ளினார்கள் என்று ஜெனிட்டா கதை கதையாகச் சொல்வாள், தானே குளித்து எடுத்ததுபோல. பொரிச்ச பரோட்டா இரண்டு தின்றேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு டப்பா மக்ரூன் வாங்கினேன். இந்தத் தடவை நொறுங்காமல் கொண்டுபோக வேண்டும் என்று துணிக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். யாருக்குக் கொண்டுபோகிறேன் என்று யோசித்தபோது கை நின்றுவிட்டது.

இலையை உலர்த்திச் செய்யவேண்டிய தேவை இப்போது இல்லை. அதனால் பயணத்தைச் சுருக்கிக்கொண்டேன். புறப்படுகிற அன்று விடியற்காலையில் இசக்கியிடம் தருவைகுளம் வழியாகப் போகச் சொன்னேன். "அந்த இறக்கை லாரி திரும்ப வந்து நிக்காம இருக்கணும், அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார். லூர்து வீட்டில் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. பின்பக்கம் போனேன்.

வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தாள். தார்ப்பாயையும் எடுத்துவிட்டாள். சொன்னபடி எல்லாம் செய்திருந்தாள். செடிக்கு முன்னால் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். குடம் தளும்பி அவள் சேலை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாய் அப்படி நிற்கிறாளோ. பாத்தி காய்ந்து வெளுத்துவிட்டது. மேல் இலைகள் சில தொய்ந்து தொங்கின.

"ஊத்தலக்கா" என்றாள் என்னைப் பார்த்ததும், பிடிபட்டவள்போல. "நேத்தும் ஊத்தல. சும்மா பிடிச்சுட்டு வந்தேன். நெஞ்சு கேக்கமாட்டேங்கு."

"குடத்தை இறக்கு லூர்து, இடுப்பு நோகும்."

அவள் இறக்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆசுபத்திரில கடைசி ரெண்டு நாளும் தண்ணி தண்ணின்னுதான் கேட்டா. கிட்னி வேலை செய்யல, ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னுட்டாங்க. அவங்க சொன்னது சரிதான், நல்லதுக்குத்தான் சொன்னாங்க. எம்மா, ஒரு வாய் தாம்மா, ஒரே ஒரு வாய்னா. நான் குடுக்கலக்கா. பஞ்சை நனைச்சு ஒதட்டுல வச்சேன். அதை அப்படியே உறிஞ்சுனா. பஞ்சை உறிஞ்சிட்டு என் மூஞ்சியப் பாத்தா. குடுக்காமலே அனுப்பிட்டேன்."

குடம் அவள் இடுப்பில் ஆடியது.

"பேரு வரணும்னா இதையும் காயப்போடணும்னு சொல்லுதிய. நீங்க சொன்னா நான் கேப்பேன். சொல்லுங்க, கொண்டுபோய்ச் சட்டியில ஊத்திருதேன்."

ஜெனிட்டாவின் பேர் அச்சில் வர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. முதல் ஆசிரியர் என்ற இடத்தில் அவள் பேர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் தருவைகுளம். எத்தனை ராத்திரி அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு கோடை பொறுத்தால் போதும். ஒரே ஒரு கோடை. வாயைத் திறந்து 'வேண்டாம், ஊற்றாதே' என்று சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். தினமும் குடத்தோடு வந்து இப்படி நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள்.

"ஊத்து" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் பேரு?"

"வராது, லூர்து. இதழுக்கு நான் எழுதிடுறேன்."

"வரவே வராதா?"

"வராது."

உப்புக்காற்று அடித்தது. தூரத்தில் இசக்கி ஹாரன் அடித்து, "யம்மா, நேரமாச்சு!" என்று கத்தினார். என் கண்ணில் இருந்து தாரை தாரையாக ஊற்றியது, துடைக்கத் தோன்றவில்லை. லூர்து குடத்தை இடுப்பிலிருந்து எடுத்து மெதுவாகச் சாய்த்தாள். நான் போய்க் குடத்தின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த பாத்தி சர்ரென்று தண்ணீரை இழுத்தது.

"மெள்ளம்மா" என்றாள் லூர்து, செடிக்குப் பக்கமாய்க் குனிந்து. "மெள்ளக் குடி. புரையேறிரும்."